ஆயாவோட தீவு, சித்தப்பாவோட வேலை

போன மாசம் சித்தப்பாவோட பதினாறாம் நாள் காரியம். தென்னாப்பிரிக்கா டர்பன்ல எங்க மெரிபேங்க் வீட்டுக்குப் பின்னாடி டென்ட் அடிச்சு, வரிசையா மேசை போட்டு, இலையில சாப்பாடு நடந்துட்டு இருந்துச்சு, நான் ரசம் வாளியத் தூக்கிட்டு ஒவ்வொரு இலையா வந்துட்டு இருந்தேன். ஓரத்துல உக்காந்திருந்த ஒரு பெரியவர் பக்கத்துல இருந்தவர்கிட்ட குரலைத் தாழ்த்தி சொன்னாரு: "நல்ல மனுசன்தான், இல்லேங்கல. ஆனா போத்தா கப்பலுக்கு குண்டு ஏத்திக் குடுத்தவன்." நான் அவரு இலைக்கும் ரசம் ஊத்திட்டு அடுத்த இலைக்குப் போயிட்டேன். அப்ப கோவம்கூட வரல. ஆனா அன்னிலேந்து அந்த வார்த்தை என்னை விட்டுப் போகல. பாத்திரம் கழுவும்போது வருது, சாயங்காலம் கோயில் ஹால்ல பிள்ளைங்களுக்குத் தமிழ் கிளாஸ் எடுக்கறப்ப போர்டுல எழுதிட்டு இருக்கும்போதே வருது. பொய் சொல்லியிருந்தா அங்கேயே ரெண்டு வார்த்தை கேட்டுட்டு மறந்திருப்பேன். அவர் சொன்னது பொய் இல்ல. எஸ்.ஏ.எஸ். பி.டபிள்யூ. போத்தான்னு நிஜமாவே ஒரு ஏவுகணைக் கப்பல் இருந்துச்சு, நிறவெறி ஆட்சியில பாதுகாப்பு மந்திரியாவும் அப்புறம் பிரதமராவும் இருந்த போத்தாவோட பேருல, அது வழக்கமா நின்னது டர்பன் துறைமுகத்துக்குள்ள இருக்கிற சாலிஸ்பரி தீவுல, அந்தத் தீவோட ஆயுதக் கிடங்குல என் சித்தப்பா பல வருசம் வேலை பாத்தாரு.

எங்க வீட்டுல அந்தத் தீவப் பத்தி மூணு பேருக்கு மூணு கதை. ஆயாவுக்கு அது பொறந்த ஊரு. பெரியப்பாவுக்கு காலேஜ். சித்தப்பாவுக்கு வேலை. மூணும் ஒரே மண்ணு, ஆனா மூணு பேரும் ஒண்ணா உக்காந்து அதைப் பத்திப் பேசி நான் ஒரு நாளும் பாத்ததில்ல.

கரைவலை இழுத்த இடம்

நம்ம ஆளுங்ககிட்ட பூர்வீகம் எதுன்னு கேட்டா முன்னோர்கள கரும்புத் தோட்டத்துக்கு ஏத்திட்டு வந்த கப்பலோட லிஸ்டுல இருக்கிற ஊரைச் சொல்லுவாங்க, வட ஆற்காடு, சேலம், தஞ்சாவூர்னு. ஆயாகிட்ட கேட்டா "நம்ம ஊரு தீவு"ன்னு சொல்லிட்டு வெத்தலைய மடிக்கும். அதோட தாத்தா கரும்புத் தோட்டத்துல காண்ட்ராக்ட் முடிச்ச கையோட, இனிமே வெள்ளைக்காரன் மணி அடிச்சு எந்திரிக்க மாட்டேன்னு கடலுக்குப் போனவராம். அப்படிப் போன குடும்பங்க டர்பன் பே ஓரத்துலயும் சாலிஸ்பரி தீவுலயும், துறைமுகத்த ஒட்டின பிளஃப் மலைப் பக்கம் இருக்கிற ஃபின்லாண்ட்ங்கற எடத்துலயும் தகரமும் பலகையும் வச்சு வீடு கட்டிக்கிட்டு, கரைவலை போட்டுப் பொழச்சாங்க. தீவுன்னா பெருசா ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, அப்ப அது அலையாத்தி மரமும் சேறும் மணலும்தான், 1820-கள்ல இங்க வந்த சாலிஸ்பரிங்கற கப்பலோட பேர வெள்ளைக்காரன் அதுக்கு வச்சுட்டான். ஆயா ஒரு நாளும் அந்தப் பேரச் சொன்னதில்ல, வெறும் தீவுதான்.

ஒருத்தர் மேட்டுல நின்னு தண்ணியவே பாத்துட்டு இருப்பாராம். மீன் கூட்டம் வந்தா தண்ணிக்கடியில கறுப்பா நிழல் மாதிரி நகருமாம், உடனே துணிய எடுத்து வீசுவாரு. படகு அரைவட்டமா சுத்தி வலைய இறக்கிட்டு கரைக்கு வரும், ரெண்டு முனையிலயும் கயித்தப் பிடிச்சு ஆம்பள பொம்பள பிள்ளைங்கன்னு எல்லாரும் இழுப்பாங்க. ஜூன் ஜூலையில சார்டீன் வந்துட்டா ராப்பகல் தூக்கம் கிடையாது. ஆயாவோட வலது உள்ளங்கையில குறுக்கால ஒரு தழும்பு இருந்துச்சு, ஏழு வயசுல ஈரக் கயிறு உருவிட்டுப் போனது. சின்னப் பிள்ளையில நான் அந்தத் தழும்ப ஆயுள்ரேகைன்னு நெனச்சுட்டு இருந்தேன், ஆயாவுக்கு நூறு வயசுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

அப்புறம் ரெண்டாம் உலகச் சண்டை வந்துச்சு. சூயஸ் வழியா போக முடியாம கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவோட தெக்கு முனைய (கேப்) சுத்தி வர ஆரம்பிச்சதும் டர்பன் துறைமுகம் நெரிய ஆரம்பிச்சுது. 1942 பிப்ரவரில சிங்கப்பூர் விழுந்ததும் இந்து மகாசமுத்திரத்துல இங்கிலீஷ்காரனுக்கு பெரிய தளம்னு ஒண்ணு பத்திரமா இல்ல. மே மாசக் கடைசில ஜப்பான்காரன் மடகாஸ்கர்ல டியேகோ சுவாரஸ் துறைமுகத்துக்குள்ளயே குட்டி நீர்மூழ்கிய அனுப்பி ராமிலிஸ்ங்கற போர்க்கப்பல அடிச்சான், அதை அவசரமா ஒட்டுப் போட டர்பனுக்குத்தான் கொண்டு வந்தாங்க. அடுத்த ரெண்டு மாசம் மொசாம்பிக் கால்வாயில சரக்குக் கப்பலா முங்கிட்டே இருந்துச்சு. அப்படி ஒரு பயத்துலதான் சாலிஸ்பரி தீவு கடற்படைத் தளமாச்சு. சேத்தத் தோண்டி மணலக் கொட்டி மேடாக்கி, பிளஃப் பக்கத்துலேந்து ரோடு போட்டு இணைச்சு, பாரக்ஸும் பட்டறையும் ஜெட்டியும் கட்டினாங்க. வேலை முடியற நேரத்துக்கு சண்டையே முடியப் போயிடுச்சு. மீன்பிடிக்கிற குடும்பங்க தீவுல இருக்க முடியாமப் போச்சு.

ஆயா அதைச் சொல்லும்போது ஒரு நாளும் அழுததில்ல. வலைய மடிச்சு படகுல போட்டுக்கிட்டு எதிர்க்கரைக்கு வந்ததாம், கோழிக்கூண்ட மட்டும் மறந்துட்டு வந்துட்டாங்களாம், மறுநாள் கேக்கப் போனா வாசல்ல துப்பாக்கியோட ஆளு நிக்குதாம். ஃபின்லாண்ட்லயும் நெலைக்க விடல, எந்த இனம் எங்க குடியிருக்கணும்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டம் வந்ததும் பிளஃப் முழுக்க வெள்ளைக்காரங்களுக்குன்னு ஆச்சு, நாங்க மெரிபேங்க்கு வந்தோம். கடல்லேந்து ரெண்டு தடவ தள்ளி வச்ச குடும்பம் எங்களுது, எங்க வீட்டு வாசல்ல நின்னா கடல் தெரியாது, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையோட புகைபோக்கிதான் தெரியும்.

கோட்டும் டையும்

1955-ல இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் சைமன்ஸ்டவுன் ஒப்பந்தம் போட்டாங்க, கேப்டவுன் பக்கத்துல இங்கிலீஷ்காரன் வச்சிருந்த கடற்படைத் தளத்தப் பத்தி. அப்ப பாதுகாப்பு மந்திரி எராஸ்மஸ். 1957 ஏப்ரல்ல சைமன்ஸ்டவுன் தளம் தென்னாப்பிரிக்கா கைக்கு வந்துச்சு, கடற்படை மூட்டை முடிச்சோட அங்க போயிடுச்சு, நம்ம தீவுல பாரக்ஸெல்லாம் காலி. 1959-ல ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி காலேஜ்னு சட்டம் வந்துச்சு. இந்தியர்களுக்கு எங்க இடம் குடுக்கலாம்னு பாத்தாங்க, காலியாக் கிடந்த மிலிட்டரி பாரக்ஸ் ஞாபகம் வந்துடுச்சு. 1961-ல யூனிவர்சிட்டி காலேஜ் ஆரம்பம்.

பெரியப்பா அதுல படிச்சவரு. இங்க இருந்த நேட்டால் இந்தியன் காங்கிரஸ்காரங்க போகாதீங்கன்னாங்க, புஷ் காலேஜ், அதாவது காட்டுக் காலேஜ்னு கேலியா சொன்னாங்க, அப்படிச் சொன்னதுல தப்பே இல்ல, ஆனா மெரிபேங்க்ல மீன்காரன் பேரனுக்கு வேற எந்த வாசல் திறந்திருந்துச்சு? கோட்டும் டையும் போட்டுத்தான் வரணும்னு சட்டம். பிப்ரவரி புழுக்கத்துல ஒரே ஒரு கோட்டத் தோய்ச்சுத் தோய்ச்சுப் போட்டுக்கிட்டு, கூட்டமான ஃபெர்ரில நின்னுக்கிட்டே துறைமுகத்தக் கடந்து தீவுக்குப் போயி, சிப்பாய் படுத்த கூடத்துல உக்காந்து வரலாறு படிச்சாரு. கப்பல் சங்கு ஊதினா புரொஃபசர் பேச்ச நிறுத்திட்டு காத்திருப்பாராம். முதல் நாள் பெரியப்பா திரும்பி வந்ததும் ஆயா கேட்ட கேள்வி, "கிணறு இருக்காடா?" கிணறும் இல்ல, வீடிருந்த மேடும் இல்ல. "எங்க வீட்டு மேல உக்காந்து படிக்கிறான் என் புள்ள"ன்னு ஆயா அக்கம்பக்கத்துல சொல்லுமாம், அது பெருமையா வருத்தமான்னு பெரியப்பாவுக்கே கடைசி வரைக்கும் பிடிபடல.

அந்தத் தீவுலதான் ஸ்ட்ரினி மூட்லி மாதிரி ஆளுங்களும் படிச்சாங்க, பின்னாடி சாசோங்கற கறுப்பின மாணவர் அமைப்பு மேல போட்ட வழக்குல மாட்டி ராபன் தீவு ஜெயிலுக்குப் போனவரு. பிள்ளைங்கள ஒதுக்கி வச்சா அடங்கிடுவாங்கன்னு அரசாங்கம் நெனச்சுது, அந்த ஒதுக்கின இடத்துலயே அதுங்க ஒண்ணு சேர்ந்து யோசிக்கக் கத்துக்கிச்சு. 1972-ல காலேஜ் வெஸ்ட்வில் மேட்டுக்கு மாறிடுச்சு, தீவு மறுபடியும் கடற்படைக்கு.

ஜலசேனா

1970-கள் நடுவுல இந்தியப் பசங்களுக்குன்னு தீவுலயே ஒரு பயிற்சித் தளம் தொறந்தாங்க. பேரு எஸ்.ஏ.எஸ். ஜலசேனா. வெள்ளைக்காரப் பசங்களுக்கு அப்ப கட்டாய ராணுவம், நம்மாளுங்களுக்குக் கட்டாயம் இல்ல, விருப்பப்பட்டா சேரலாம். சித்தப்பாவுக்கு இருபது வயசு, பாக்டரியில ஆளைக் குறைச்சு மூணு மாசம் வேலையில்ல, தாத்தாவுக்கு நெஞ்சுவலி. பேப்பர்ல வெளம்பரம் பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லாமப் போயி எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. ஆயாகிட்ட பேரச் சொன்னப்ப, ஜலம் புரிஞ்சுது, சேனை புரிஞ்சுது, "தண்ணிக்கு எதுக்குடா படை?"ன்னு மட்டும் கேட்டுச்சு. பெரியப்பா ஒண்ணும் கேக்கல. எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

சித்தப்பா போட்ட முதல் சம்பளத்துல தாத்தாவுக்கு மருந்து வந்துச்சு, வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்துச்சு. தளத்துல வெள்ளைக்காரனுக்கு ஒரு மெஸ், நம்மாளுங்களுக்கு ஒரு மெஸ், ஒரே வேலைக்கு ரெண்டு சம்பளம். அதையெல்லாம் சித்தப்பா குறையா சொல்லி நான் கேட்டதில்ல. அவர் சொன்னதெல்லாம் வேலையப் பத்தித்தான், அதுவும் ரிடையர் ஆகி ரொம்ப நாள் கழிச்சு, நான் துருவித் துருவிக் கேட்டதுக்கப்புறம்.

ஆயுதக் கிடங்குன்னா சத்தமும் நெருப்பும்னு நான் நெனச்சுட்டு இருந்தேன். அங்க இருக்கிறதிலேயே அமைதியான இடம் அதுதானாம். காலைல வாசல்ல நெருப்புப்பெட்டி, லைட்டர் எல்லாத்தையும் குடுத்துட்டுத்தான் உள்ள போகணும். அடியில இரும்பாணி இல்லாத ஷூ. நைலான் துணி கூடாது, பருத்திதான், ஏன்னா நைலான் உரசினா பொறி பிறக்கும். சுத்தியல், ஸ்பேனர் எல்லாம் இரும்பு கிடையாது, பித்தளை மாதிரி பொறி பறக்காத உலோகம். உள்ள போனதும் முதல் வேலை சுவத்துல இருக்கிற தெர்மாமீட்டரப் பாத்து நோட்டுல எழுதறது, ஈரப்பதத்தையும் சேத்து, மத்தியானம் மறுபடி. மருந்து வெந்துபோகக் கூடாது, வேர்க்கவும் கூடாது, டர்பன் பிப்ரவரில இது ரெண்டும் எவ்வளவு கஷ்டம்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். பெட்டி எதுவும் தரையத் தொடாது, கட்டை மேலதான். வெடிக்க வைக்கிற சின்ன டெட்டனேட்டர் ஒரு அறையில, பெரிய மருந்து தள்ளி இன்னொரு அறையில, ரெண்டும் ஒரே வண்டியில போகாது. கிடங்கச் சுத்தி மண்ணு மேடு கட்டியிருக்கும், வெடிச்சா பக்கவாட்டுல போகாம மேல போகட்டும்னு. இடி சத்தம் கேட்டா வேலைய அப்படியே விட்டுட்டு எல்லாரும் வெளிய வந்துடணும். நம்ம ஊர்ல வெயில் காலத்துல சாயங்காலமானா இடிதானே, அதனால நவம்பர் டிசம்பர்ல பாதி நாள் வெளியதான் உக்காந்திருப்போம்பாரு, சேத்து வாடை அடிச்சுட்டு, கொக்கப் பாத்துக்கிட்டு. ஆயா சொன்ன அதே கொக்கு.

கப்பலுக்கு ஏத்தற அன்னிக்கு கொடிமரத்துல செவப்புக் கொடி ஏறும், ஆபத்தான சரக்கு கை மாறுதுன்னு அர்த்தம், சுத்தி ஒரு படகு வராது, அடுப்பு எரியாது. 76 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒண்ணு சுமாரா 12 கிலோ. ஒரு கை அடியில, ஒரு கை நடுவுல, உடம்போட சேத்து அணைச்சுப் பிடிச்சுத் தூக்கணும், வேகமா நடக்கக் கூடாது, அடுத்தவன் "வாங்கிட்டேன்"னு வாயால சொல்லாம கைய எடுக்கக் கூடாது. சித்தப்பா இதைச் சொல்லிக்கிட்டே காத்துல தூக்கிக் காட்டினப்ப எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. என் தம்பி கைக்குழந்தையா இருக்கும்போது சித்தப்பா அவனத் தூக்கறது அப்படியேதான். ஒரு கை அடியில, ஒரு கை முதுகுல. எங்கம்மாகிட்ட குடுக்கும்போது "வாங்கிட்டீங்களா அண்ணி?"ன்னு கேட்டு, அம்மா "வாங்கிட்டேன்"னு சொன்னப்புறம்தான் விடுவாரு. எங்க வீட்டுல எல்லாரும் அவரு பிள்ளைங்க மேல எவ்வளவு பிரியமா இருக்காருன்னு சொல்லுவாங்க. பிரியம்தான், அதுல சந்தேகமே இல்ல.

தீபாவளிக்கு வாங்கின பட்டாசக்கூட அவருதான் பிரிச்சு வைப்பாரு, மத்தாப்பு ஒரு டின்னுல, வெடி இன்னொரு டின்னுல, நெருப்புப்பெட்டி சமையலறையில. பூசையில கற்பூரம் ஏத்த மாட்டாரு, தட்டை நீட்டினா பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தள்ளிடுவாரு. ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தற அன்னிக்கு மட்டும் ஆயா வற்புறுத்தி ஏத்த வைக்கும், அப்பகூட சட்டைப் பையத் தடவிப் பாத்துட்டுத்தான் கிட்டப் போவாரு.

எனக்கு இங்கதான் சிக்குது. அந்த வேலையில இருக்கிற ஒவ்வொரு விதியும் உயிரக் காப்பாத்தறதுக்காக எழுதினது. தூக்கறவன், பக்கத்துல நிக்கறவன், துறைமுகத்துல இருக்கிற ஊரு, எல்லாருக்கும் சேதம் வந்துடக் கூடாதுன்னு அவ்வளவு பக்குவம். அப்படிப் பக்குவமா காப்பாத்தி வச்ச பொருளு வேற எங்கேயோ போயி யாரோட உயிரையோ எடுக்கிறதுக்கு. காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் தெர்மாமீட்டரும் நோட்டும் பாத்துட்டு இருக்கிறவன் கண்ணுக்கு அந்த ரெண்டாவது பாதி தெரியவே தெரியாத மாதிரிதான் அந்த எடத்தையே கட்டியிருக்காங்க. ஏவுகணையக்கூட சித்தப்பா நேர்ல பாத்ததில்ல, அது சீல் வெச்ச பெட்டிக்குள்ளயே வரும், பெட்டியோடவே கப்பல்ல ஏறும், பெட்டிலேந்தே கிளம்பும். ஸ்கெர்பியோன்னு பேரு, ஆப்பிரிக்கான்ஸ்ல தேளு. இஸ்ரேல் சரக்கு, பேரு மட்டும் நம்ம ஊரு.

1977-ல ஐ.நா. ஆயுதத் தடை போட்டதும் பிரான்ஸ் தர வேண்டிய கப்பலத் தரல, அதுக்கப்புறம் கடற்படை நம்பினது இந்தச் சின்ன ஏவுகணைக் கப்பல்களத்தான். ஒவ்வொண்ணும் 450 டன், 62 மீட்டர் நீளம். மொத்தம் ஒம்பது, மொதல் மூணு இஸ்ரேல்ல ஹைஃபாவுல கட்டினது, மிச்சம் ஆறு நம்ம டர்பன்லயே. அதுங்களுக்கு வீடு சாலிஸ்பரி தீவு. அங்கோலாப் பக்கம் கமாண்டோக்கள ராத்திரில கொண்டு போய் இறக்கறதும் இதே கப்பலுங்கதான். 1986 ஜூன்ல அங்கோலாவோட நமீப் துறைமுகத்துல ஹபானாங்கற கியூபாக் கப்பல் முங்கிச்சு, ரெண்டு சோவியத் கப்பல் அடிபட்டுச்சு, தென்னாப்பிரிக்காதான் செஞ்சுதுன்னு உலகமே சொல்லுச்சு. நான் ஒரு தடவ கேட்டுட்டேன், "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சித்தப்பா?"ன்னு. ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. "எங்க போகுதுன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்கம்மா. எத்தன பெட்டி போச்சு, எத்தன திரும்பி வந்துச்சுன்னு எழுதுவோம். திரும்பி வரலேன்னா தெரியும்." அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கு மேல நானும் கேக்கல, கேட்டிருக்கணும்.

1984-ல வெள்ளைக்காரங்க, கலப்பினத்தவங்க, இந்தியர்கள்னு தனித்தனியா பிரிச்ச மூணு சபை பார்லிமென்ட்டுக்கு இந்தியர்களும் ஓட்டுப் போடணும்னாங்க. இன்னிக்கு ஓட்டுன்னா நாளைக்கு நம்ம பிள்ளைங்களுக்கும் கட்டாய ராணுவம்னு பெரியப்பா வீடு வீடாப் போயி நோட்டீஸ் குடுத்துட்டு இருந்தாரு. ஒரு சாயங்காலம் அவரு வீட்டுல பத்து பேரு உக்காந்து பேசிட்டு இருக்கும்போது சித்தப்பா டூட்டி முடிச்சு யூனிபார்மோட ஆயாவுக்கு மருந்து குடுக்க வந்து நின்னாரு. "அந்த உடுப்போட என் வாசப்படி ஏறாத"ன்னு பெரியப்பா சொன்னாரு. மருந்த வாசல்லயே வச்சுட்டு சித்தப்பா போயிட்டாரு. பதிமூணு பதினாலு வருசம் பேச்சு கிடையாது. 1994-ல ஓட்டுப் போட நின்ன கியூவுல நாலு பேரு தள்ளி நின்னாங்க, அப்பவும் பேசல. ஆயா செத்தப்பத்தான் பேசினாங்க, பாடையில முன்பக்கம் யாரு, பின்பக்கம் யாருன்னு.

பெரியவர் வீட்டுல

பதினாறாம் நாள் பேசினவரு யாருன்னு விசாரிச்சேன். சாட்ஸ்வொர்த்ல மக வீட்டுல இருக்காரு. மூணு வாரம் யோசிச்சுட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு மீன வாங்கிட்டுக் கிளம்பிப் போனேன். சண்டைக்குன்னு போகல. சமாதானத்துக்கும் போகல. அந்த வார்த்தைய அவரு முகத்தப் பாத்துக்கிட்டே மறுபடி ஒரு தடவ கேக்கணும் போல இருந்துச்சு.

கதவத் தொறந்ததும் அவருக்குப் புரிஞ்சு போச்சு. "உக்காரும்மா. உன் காதுல விழுந்துடுச்சுன்னு அப்பவே தெரியும். வாளி ஒரு நிமிசம் நின்னுச்சு"ன்னாரு. நான் நிக்கலேன்னுதான் இத்தன நாளா நெனச்சுட்டு இருந்தேன். "நீங்க சொன்னது தப்புன்னு சொல்ல வரல மாமா"ன்னேன். "தப்பில்லதான்"னாரு. அப்புறம் மக டீ கொண்டு வந்து வச்சுட்டுப் போற வரைக்கும் ஒண்ணும் பேசல, ஜன்னலப் பாத்துக்கிட்டே இருந்தாரு. நானும் டீயக் குடிச்சேன்.

"நான் யார்டுல பெயின்டரும்மா"ன்னு ஆரம்பிச்சாரு. பேஹெட்ல கப்பல் கட்டின எடத்துல, அந்த ஆறு கப்பலும் அங்கதான் கட்டினது. வெல்டிங் அடிச்சவங்க, கிரைண்டிங் போட்டவங்க, பெயின்ட் அடிச்சவங்க, பாதிக்கு மேல நம்ம பசங்களும் ஜூலு பசங்களும்தானாம். இவருக்கு எழுத்து நல்லா வரும், அதனால முன்பக்கம் நம்பர் எழுதற வேலை இவருகிட்ட வந்துச்சு. சொல்லிக்கிட்டே விரல நீட்டி காத்துல எழுதினாரு, ஒவ்வொரு எழுத்தா, தூரிகை பிடிக்கற மாதிரி மணிக்கட்ட வளைச்சு. பி. ஒண்ணு. அஞ்சு. ஆறு. அஞ்சு. "கடைசி அஞ்சு கொஞ்சம் சாஞ்சிடுச்சு. ஃபோர்மன் கீழ நின்னு பாத்துட்டு அழிச்சுட்டுத் திரும்பப் போடுன்னான். ரெண்டாவது தடவ போட்டேன். நேரா வந்துச்சான்னு ஏணியிலேந்து தெரியாது, பக்கத்துல இருந்தா தெரியாது. தண்ணில இறக்கின அன்னிக்கு தூரத்துல நின்னு கைதட்டினோம், நானும் தட்டினேன், அப்பவும் வெயிலு கண்ணுல அடிச்சு சரியாப் பாக்க முடியல."

"மாமா, அப்ப ஏன் சித்தப்பாவ..."ன்னு நான் ஆரம்பிச்சேன். அவரு கைய உயர்த்தி நிறுத்தினாரு. "அவரு குண்டு ஏத்தினாருன்னா ஊரு சொல்லும், யூனிபார்ம் இருந்துச்சு, எல்லாரும் பாத்தாங்க. நான் ஓவரால் போட்டு பஸ்ல போனேன். என்னைய யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லம்மா, நாப்பத்தஞ்சு வருசமா. அன்னிக்கு அவரு போட்டோவுக்கு முன்னாடி உக்காந்து சாப்பிடும்போது எனக்கு அதுதான் தோணுச்சு. வாயில அவரு பேருதான் வந்துச்சு."

நான் போறப்ப எனக்குள்ள ரெண்டு நியாயம் இருந்துச்சு, சித்தப்பா பக்கம் ஒண்ணு, பெரியப்பா பக்கம் ஒண்ணு, எது கனம்னு முடிவு பண்ணத்தான் ராத்திரியெல்லாம் கெடந்து புரண்டேன். இவரு பேசினதுக்கப்புறம் அப்படித் தராசு பிடிக்கறதே தப்புன்னு தோணுச்சு. எங்க ஊர்ல அந்தக் காலத்துல சம்பளம் வாங்கின யாரு கையிலயும் அந்த அரசாங்கத்தோட பெயின்ட்டு ஒட்டாம இல்ல, சர்க்கரை மூட்டை தெச்சவங்க, ரயில்வேயில பாயின்ட் அடிச்சவங்க, அவங்க காலேஜ்ல கோட்டும் டையும் போட்டு டிகிரி வாங்கி அவங்க பள்ளிக்கூடத்துலயே வாத்தியாரா இருந்த என் பெரியப்பா உள்பட. அதுக்காக எல்லாரும் ஒண்ணுதான்னு நான் சொல்ல மாட்டேன். நமீப்ல முங்கின கப்பலுக்கும் பள்ளிக்கூடத்து கரும்பலகைக்கும் வித்தியாசம் இருக்கு, அந்த வித்தியாசத்த பூசி மொழுகினா ஹபானாவத் துடைச்சுப் போட்ட மாதிரி ஆகும். சித்தப்பா ஏத்தினாரு, அது அவரு கை. ஆனா அந்த வாக்கியத்த எங்க ஊரு ஒத்தை ஆளு மேல மட்டும் எழுதி முடிச்சுடறதத்தான் என்னால ஏத்துக்க முடியல, அந்த வாக்கியம் நீளமானது, அதுல நிறைய பேருக்கு எடம் இருக்கு.

கிளம்பறப்ப அவரு கேட்டாரு, "அந்தக் கப்பலெல்லாம் இப்ப என்னாச்சு?" 1997 ஏப்ரல் 1-ல பேர மாத்தினத சொன்னேன். போத்தா பேரு போயி ஜூலு ராஜா ஷாகா பேரு ஆச்சு. இன்னொரு பாதுகாப்பு மந்திரி மேக்னஸ் மாலன் பேரு போயி, வெள்ளைக்காரன எதிர்த்துச் சண்டை போட்ட மகாண்டா பேரு. இவரு நம்பர் எழுதினது எராஸ்மஸ் கப்பல், சைமன்ஸ்டவுன் ஒப்பந்தம் போட்ட அதே எராஸ்மஸ், அவரு தளத்த அங்க வாங்கினதாலதான் இங்க தீவு காலியாகி பெரியப்பாவுக்கு காலேஜ் வந்துச்சு. அந்தக் கப்பலுக்கு ஐசக் டயோபான்னு பேரு வச்சாங்க, 1917-ல மெண்டி கப்பல் முங்கும்போது டெக்கு மேல நின்னு கறுப்பினத் தொழிலாளிங்களுக்கு தைரியம் சொன்னதாச் சொல்றாங்களே, அந்தப் பாதிரியாரு. அறுநூறுக்கு மேல செத்தாங்க அதுல. பெரியவர் தலைய ஆட்டிக்கிட்டே கேட்டாரு, அப்புறம், "நம்பரும் மாத்திட்டாங்களா?"ன்னாரு.

மாத்தல. போன்ல தேடி போட்டோ எடுத்துக் காட்டினேன், சாம்பல் நிறக் கப்பல், பின்னாடி பிளஃப் மலை. கண்ணாடியத் தேடிப் போட்டுக்கிட்டு, மக சொல்லிக் குடுத்த மாதிரி ரெண்டு விரலால பெருசாக்கி, கப்பல விட்டுட்டு முன்பக்கத்த மட்டும் கொண்டு வந்து வச்சுக்கிட்டாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. நடுவுல எத்தனையோ தடவ புதுசா பெயின்ட் அடிச்சிருப்பாங்க, அவரு எழுதின மேலயே வேற யாரோ எழுதியிருப்பாங்க, அது அவருக்குத் தெரியாததில்ல.

"அஞ்சு நேரா இருக்காம்மா? எனக்குக் கண்ணு கலங்குது."

"நேராத்தான் இருக்கு மாமா."